பொட்டு வைக்காத லைட்டு

“நடுவழியில அணைஞ்சிடாதே?”

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்த பெரியவர், அந்தக் குட்டிச் சிவப்பு லைட்டை மறுபடியும் புரட்டிப் பார்த்தார். பெயர் நமச்சிவாயமாம். பையன் சைக்கிளுக்குப் பின்னால் மாட்ட வேண்டுமாம்.

சைக்கிள் கடை வேலாயுதத்துக்கு எரிச்சல். மார்கழி விடிகாலை, எதிரே வருகிற ஆள் தெரியாத பனி. இன்னும் கொஞ்ச நேரத்தில் காற்றடிக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். இந்த மனுஷனோ கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தவர் மாதிரி லைட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“சார்ஜ் லைட்டு பெரியவரே. பேட்டரி மாத்துற வேலையே இல்ல. நைட்டு பிளக்குல சொருவி வுட்டா, காலைல ஜெகஜோதியா எரியும்.”

“ஐயம்பேட்டை ரோடுபா. மணல் லாரிங்க கண்ணு மண்ணு தெரியாம வருதுங்க. இந்தப் பனில பின்னாடி சிவப்பு தெரிஞ்சாத்தான் பிரேக்கு போடுவான். அணைஞ்சிதுன்னா அவ்ளோதான்.”

“ஐயம்பேட்டை இன்னா, வாலாஜாபாத் வரைக்கும் போயிட்டு வரலாம்!”

பச்சைப் பொய். வேலாயுதத்திடம் இரண்டு தினுசு லைட் இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்று ஒழுங்காக எரியும். இன்னொன்று கிளம்பும்போது கண்ணைப் பறிக்கும், பாதி வழியில் பொசுக்கென்று போய்விடும். தனக்கே குழம்பிவிடக்கூடாது என்று நல்ல லைட்டின் மேல் மட்டும் மகளுடைய நகப்பாலீஷால் ஒரு பொட்டு வைத்திருந்தார்.

மட்டமான சரக்கைத் தூக்கி எறிய அவருக்கு மனசு வரவில்லை. ஏமாந்தவன் தலையில் கட்டினால் போயிற்று. பெரியவரைக் கண்டதுமே ஆள் அகப்பட்டான் என்று பொட்டில்லாத லைட்டை எடுத்து நீட்டியிருந்தார்.

பெரியவர் வாசலில் நின்ற ஒரே சைக்கிளைக் காட்டினார். “அது யாருதுபா?”

“எம் பொண்ணு சுகாசினிது. பிளஸ் டூ படிக்குது. அதுவும் ஐயம்பேட்டைக்குத்தான் டியூஷன் போவுது.”

“அதுலயும் இதே லைட்டுதானா?”

“பின்ன? பெத்த பொண்ணுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணா?”

“அதுல மட்டும் பொட்டு வச்சிருக்குது?”

வேலாயுதம் சிரித்தார். “பொம்பளப் புள்ள இல்லியா, அழகுக்கு வச்சிக்கினு இருக்குது.”

அந்த நேரம் பார்த்து, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து சுகாசினி அப்பாவுக்கு டீ கொண்டுவந்தாள். வேலாயுதம் டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, மகளின் தலையில் உள்ளங்கையை அழுத்தினார்.

“இதோ பாருங்க பெரியவரே. எம் பொண்ணு தலைல அடிச்சி சத்தியம் பண்றேன். இந்த லைட்டு அணையாது. போதுமா?”

“இன்னாப்பா காலங்காத்தால!” சுகாசினி கையைத் தட்டிவிட்டு, புத்தகப் பையை எடுக்க உள்ளே ஓடினாள். டியூஷனுக்கு நேரமாகிவிட்டது.

பெரியவர் அவள் போன திக்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். “பொண்ணு தலைலயே அடிச்சி சொல்லிட்ட. இதுக்கு மேல இன்னா வேணும்? நானே மாட்டிக்கறேன்பா” என்று லைட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வேலாயுதம் பஞ்சர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்க உட்கார்ந்தார். உள்ளுக்குள் ஒரே குஷி. காலையில் கடை திறந்ததும் இப்படி ஒரு அப்பாவி வருவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

“வரேம்பா!” சுகாசினி மணியடித்துக்கொண்டே கிளம்பிப் போனாள். பனிக்குள் ஆள் மறைந்த பிறகும் அந்தச் சிவப்பு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது.

“பாத்தீங்களா பெரியவரே!” வேலாயுதம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கூவினார். “எம் பொண்ணு லைட்டு எப்பிடி தகதகன்னு போவுது!”

“ஆமாம்பா. இப்ப நல்லாத்தான் எரியுது.”

சிவப்பு, தெருக்கோடியில் திரும்பி மறைந்தது. அது மறைகிறவரை வாசலிலேயே நின்றிருந்த பெரியவர், உள்ளே வந்து கண்ணாடிப் பெட்டி மேல் ஒரு குட்டி லைட்டை வைத்தார்.

“இன்னா, மாட்டலியா?”

“மாட்டிட்டேனே.”

“அப்ப இது இன்னாது?”

வேலாயுதம் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அதை எடுத்தார். மேலே நகப்பாலீஷ் பொட்டு இருந்தது.

வாசலைப் பார்த்தார். அங்கே ஒரு சைக்கிளும் இல்லை. இந்த ஆள் ஷேர் ஆட்டோவில் அல்லவா வந்து இறங்கினார் என்பது அப்போதுதான் உறைத்தது.

“யோவ்... எம் பொண்ணு சைக்கிள்லயா...” கடைக்குள் கைக்குக் கிடைத்த சைக்கிளை இழுத்தார். டயரில் காற்றில்லை. அடுத்ததை இழுத்தார். அதற்குப் பின் சக்கரமே இல்லை. எல்லாம் ரிப்பேருக்கு வந்தவை. வெறுங்காலோடு தெருவில் இறங்கி, “சுகா! சுகா!” என்று கத்தினார். பனிக்குள்ளிருந்து பதில் வரவில்லை. பெரிய ரோட்டுப் பக்கம் ஏதோ ஒரு லாரி ஹாரன் அடித்தது.

ஓடிவந்து பெரியவரின் சட்டையைப் பிடித்தார். வாயிலிருந்து உண்மை தானாக வந்தது.

“அடப்பாவி! அது பாதி வழியிலயே அணைஞ்சிடும்யா!”

நமச்சிவாயம் அவர் கையை விலக்கக்கூட இல்லை.

“தெரியும்பா. போன மார்கழில எம் பையன் உங்கிட்ட வாங்கினதும் அங்கதான் அணைஞ்சிது.”