சம்பந்தி கொண்டுவந்த சேதி

பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் சேதி வரவில்லை. அபில்தா கூடாரத்துக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தார். மூத்த மகளுக்குத் தலைப்பிரசவம். விடிகாலையில் அவளைச் சேர்த்துவிட்டு, துணைக்கு அவள் மாமியாரை உட்கார வைத்துவிட்டுச் சந்தைக்கு வந்தவர், ஒரு வாய் ரொட்டிகூடத் தின்னவில்லை.

"வலி அவளுக்கு. நீங்க எதுக்கு முக்குறீங்க?" என்றாள் மனைவி சைரா, கிண்ணத்தில் குமிஸ் ஊற்றிக்கொண்டே.

பிஷ்கெக் சதுக்கத்தில் அன்று கால் வைக்க இடமில்லை. மலையில் இருக்கிற அத்தனை கிராமமும் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கியிருந்தது. நரின் உருளைக்கிழங்கும் இஸிக்-குல் ஆப்பிளும் குவிந்து கிடக்க, நகரத்து ஜனங்கள் ஜென்மத்தில் ஆப்பிளையே பார்க்காதவர்கள் மாதிரி பையோடு ஓடினார்கள். சைராவின் குமிஸுக்கு, அதுதான் அந்தப் புளித்த குதிரைப்பாலுக்கு, நின்ற வரிசைக்கு வால் எங்கே என்றே தெரியவில்லை.

வால் என்றால் அபில்தாவின் கிடாயைச் சொல்ல வேண்டும். அதன் வாலே ஒரு தலையணை பெரிசு. வந்தவர்கள் எல்லாம் அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பனிக்காலத்தில் அதைத் தன் போர்வைக்குள்தான் படுக்க வைத்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சைராவைக் கேட்டால் மறுக்க மாட்டாள்.

அந்தக் கிடாயின் மேல் சம்பந்தி ஜோல்தோஷுக்கு ஒரு கண். ஒரு கண் என்ன, ரெண்டு கண்ணும்தான். கறவை மாடு தருகிறேன், வெள்ளிப்பூண் போட்ட சேணம் தருகிறேன் என்று கேட்காத விதமில்லை. அன்றைக்கும் மனுஷன் விடவில்லை.

"பொண்ணையே குடுத்துட்டீங்க. ஒரு கிடாயைக் குடுக்க மனசு வரலியா சம்பந்தி?"

"பொண்ணு எனக்கு நாலு இருக்கு. கிடா ஒண்ணுதான். உசிரே போனாலும் தர மாட்டேன்."

மத்தியானம் நடுவர்கள் வந்து, ஆட்டுப்பட்டியில் நடக்கிற கிடாய்ப் போட்டிக்கு அதை ஓட்டிக்கொண்டு போனார்கள். வளர்த்தவர்கள் கிட்டத்திலேயே வரக் கூடாதாம். அபில்தாவின் பாதி உயிர் அதன் பின்னாலேயே போயிற்று. மீதி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

இந்த ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை, அமைதியான இடமாகப் பார்த்து வீட்டுக்காரிக்குப் போன் போட்டு விசாரிக்கிறேன் என்று சொல்லி ஜோல்தோஷும் எழுந்தார். எழுந்தவர் ஆட்டுப்பட்டி பக்கமாக நடந்தார்.

அந்த நேரம் பக்கத்துத் தேன்கடைக்கு ஒரு பெண் "சுயுஞ்சு" என்று கூவிக்கொண்டு ஓடி வந்தாள். நல்ல சேதி கொண்டுவருகிறவர்கள் கூவுகிற வார்த்தை அது. முதலில் வெகுமதி, அப்புறம்தான் சேதி. தேன்காரர் ஒரு ஜாடியைத் தூக்கிக் கொடுத்த பிறகே, அவர் தேனுக்கு இரண்டாம் இடம் என்று சொன்னாள். அப்படிக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவன் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.

அடுத்த கிண்ணம் நிறைவதற்குள் இன்னொரு குரல்.

"சுயுஞ்சு, சம்பந்தி, சுயுஞ்சு!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜோல்தோஷ் வந்தார். முகமெல்லாம் பல்.

அபில்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. தாத்தா ஆகிவிட்டாரே! வரிசையில் நின்ற யாரோ ஒருவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த ஆளும் காரணம் தெரியாமலே கூடச் சேர்ந்து கொஞ்சம் அழுதார். அபில்தா தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றி நீட்டினார். ஜோல்தோஷ் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அபில்தா இடுப்பு பெல்ட்டை அவிழ்க்கப் போனார். இவ்வளவு பெரிய சேதிக்கு இதெல்லாம் காணாது என்று சொல்லிவிட்டார் ஜோல்தோஷ்.

என்ன சேதி என்று முதலில் கேளுங்கள் என்று சைரா சட்டையைப் பிடித்து இழுத்தாள். இதில் கேட்க என்ன இருக்கிறது என்று அவள் கையை உதறினார் அபில்தா.

"கிடாயை ஓட்டிக்கிட்டுப் போங்க சம்பந்தி. இனிமே அது உங்களுது. இங்க நிக்கிற அத்தனை பேரும் சாட்சி."

சதுக்கமே கை தட்டியது. தேன்காரர் ரெண்டு பேர் கையையும் பிடித்துச் சேர்த்து வைத்தார். அபில்தா சைரா கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, வந்தவர் போனவர் எல்லாருக்கும் சும்மாவே குமிஸ் ஊற்றினார். சைரா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஊற்றி முடித்தபோதுதான் அவருக்கு நினைவு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜோல்தோஷின் தோளைப் பிடித்தார்.

"பையனா, பொண்ணா? அதைச் சொல்லுங்க."

"கிடா, சம்பந்தி. முதல் பரிசு."