மேலே நின்ற புகை

கனடாவில் காட்டுத்தீயை அணைக்கப் போன செழியன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்தத் தீயின் புகை மட்டும் மேகங்களையெல்லாம் தாண்டி மேலே ஏறி, பதினான்கு மாதங்களாக உலகைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் மனைவி மரகதவல்லிக்கு ஓசூர் பலூன் நிலையத்தில் வேலை. தினமும் காலையில் பலூன் விடுவாள். அது இறங்கியதும் அதிலுள்ள, புகைத்துகள் படியும் வடிதாளைக் கருவியில் வைத்தால், எந்தக் காட்டின் புகை என்று திரையில் பெயர் வந்துவிடும். செழியன் போன காட்டின் பெயர் வரும் நாளில் அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். காரியம் செய்துவிடலாம் என்று மாமியார் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள்.

"அவரு இன்னும் மேலதான் இருக்காரு அத்தை" என்பாள் மரகதவல்லி.

அன்று வடிதாள் வெள்ளையாக இறங்கியது. உடன் வேலை செய்யும் ஜோதிராமனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வானம் சுத்தமாயிடுச்சுக்கா! இனிமே பயிருக்கு முழு வெயில் கிடைக்கும்."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"இன்னொரு பலூன் விடலாமா தம்பி?"

ஒரு நாளைக்கு ஒன்றுதான் அனுமதி. ஆனாலும் அவன் வாயு உருளையைத் திறந்தான்.

மதியம் அதுவும் வெள்ளையாகவே இறங்கியது. 'புகை இல்லை' என்று பதிவேட்டில் எழுதினாள். பிறகு வீட்டுக்குப் போன் செய்தாள்.

"காரியத்துக்கு நாள் பாருங்க அத்தை."



"நீ முதல்ல வீட்டுக்கு வாம்மா" என்றாள் மாமியார்.