விரலுக்கடியில் நாற்பத்தொன்று

சிங்கப்பூர் தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என் கணவர் நூர்தீன் வாங்கிவந்த பிரியாணியை இரண்டு பேருமே தொடவில்லை.

நட்டநடு மதியத்தில் தன் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். பெருநாளைத் தவிர வேறு எதற்கும் அந்தக் கதவை இழுத்துச் சாத்துகிற மனிதர் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கொடுத்த தாள் மேசையில் கிடந்தது. இந்தப் புது மருந்தை இதுவரை ஏழு பேர்தான் எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவரவர் எத்தனை மாதம் உயிரோடு இருந்தார்கள் என்று ஏழு எண்கள். சேர்ந்தால் எட்டாவது ஆள். சேராவிட்டால் ஒரு நாலு மாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மருந்தென்றால் சும்மா இல்லை. வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கை, வாயெல்லாம் புண், தலையில் ஒரு முடி மிஞ்சாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். புக்கிட் பாத்தோக் வீட்டில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் மகள் அஃப்னாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

"ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லிக் குடுக்குறியே, இதையும் போட்டுப் பாரு லா," என்றார்.

பாலிடெக்னிக்கில் புள்ளியியல் நடத்துகிறேன். ஆட்கள் குறைவென்றால் டி-பரவல், முதல் வருடப் பிள்ளைகளுக்கே தெரியும். ஏழு பேரை வைத்துக்கொண்டு உலகமே தெரிந்த மாதிரிப் பேசிவிடாமல், சராசரி எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று அது கொஞ்சம் தாராளமாகவே எல்லை போட்டுக் கொடுக்கும்.

மூன்று, நான்கு, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. கடைசியில் நாற்பத்தொன்று.

போனில் தட்டினேன். கீழ் எல்லை பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது. கழித்தல் இரண்டே முக்கால் மாதம்.

யா அல்லாஹ், மருந்து போடுவதற்கு முன்னாலேயே மௌத்தா! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நான் தப்பாகத் தட்டவில்லை. எண்கள் ஓரளவு நடுவைச் சுற்றி நின்றால்தான் சின்னக் கூட்டத்துக்கு டி சரிப்படும். ஒருத்தர் மட்டும் அத்தனை தூரம் தள்ளி நின்றால் சரிப்படாது.

நாற்பத்தொன்றின்மேல் விரலை வைத்து மூடிக்கொண்டு மறுபடி போட்டேன். மூன்றேகாலிலிருந்து ஆறரைக்குள். அச்சடித்த மாதிரி வந்தது. டாக்டர் சொன்ன நாலு மாதமும் அதற்குள்ளேயே கிடந்தது.

"மருந்து போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதாங்க. விட்டுடலாம்," என்றேன். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

அவர் போனைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தார்.

"அந்த மனுசன ஏன் மூடி வச்சிருக்கே?"

முகம் சுட்டது. இதே வேலையைச் செய்த பையனுக்குப் போன மாதம்தான் முட்டை போட்டேன். சூத்திரத்துக்கு ஆள் ஒத்துவரவில்லையென்றால் சூத்திரத்தை மாற்று, ஆளைத் தூக்காதே என்று வகுப்பே அதிரக் கத்தினேன்.

அவர் என் விரலைப் பிடித்து மெல்ல நகர்த்தினார். நாற்பத்தொன்றின் தலையில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. தாளின் அடியில் பொடி எழுத்தில் அதற்கு விளக்கம்: இன்னும் உயிருடன் இருக்கிறார்.

அப்படியானால் அது முடிந்த எண்ணே இல்லை. இந்தத் தாள் அச்சான பிறகும் கூடிக்கொண்டே போயிருக்கலாம்.

ஒரே ஓர் ஆளை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. அதையும் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

பிடித்த விரலை அவர் விடவில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க. வர்றோம்னு சொல்லுங்க."

மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் போட்டார். அந்தப் பக்கம் நோயாளியின் பெயரைக் கேட்டார்கள்.

"ஜரீனா," என்றார். "என் வைஃப்."