கலைக்க வேண்டாம்

"நாளைக்கு எம் பொண்ணுக்குப் பிறந்தநாள்மா. வழக்கம்போல நூறு அடிச்சுக் குடுத்துடுங்க. வயசை மட்டும் ஒண்ணு ஏத்தணும், பதினெட்டு" என்று வந்தவர் சொன்னதும் பிரஸ்ஸம்மா அலமாரியின் காலியான மேல்தட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

பிரஸ்ஸம்மா என்பது தெரு வைத்த பெயர். கம்ப்யூட்டரில் டிசைன் செய்துகொண்டிருந்த வேலையை உதறிவிட்டு, எட்டு மாதத்துக்கு முன் இந்தப் பழைய அச்சகத்தை மெஷினும் ஈய எழுத்துமாக வாங்கியவள். எழுத்து அழுந்திய தாளை விரலால் தடவிப் பார்த்துச் சொக்கிப் போகிறவர்கள் இன்னும் இருப்பார்கள் என்று நம்பினாள். இருந்தார்கள், தேடிக்கொண்டும் வந்தார்கள்.

விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு விஷயம்தான் கேட்டுக்கொண்டார். எழுத்துகளைக் கோர்த்து நூல் சுற்றிக் கட்டிய ஒரு பக்கம் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஒருவர் வருவார், அவருக்காக இது இப்படியே இருக்கட்டும் என்றார். அதன்மேல் 'கலைக்க வேண்டாம்' என்று ஒரு சீட்டும் ஒட்டியிருந்தது.

போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை அவசரம். இரண்டு வீட்டுச் சொந்தக்காரர் பட்டாளத்தின் பெயர்களைக் கோர்த்து முடிப்பதற்குள் பெட்டியில் எழுத்து தீர்ந்துவிட்டது. நாலே நாலு எழுத்துதானே, உருவிவிட்டு அப்புறம் திருப்பி வைத்துவிடலாம் என்று அந்த நூலை அவிழ்த்தாள். அவ்வளவுதான், மொத்தப் பக்கமும் பொலபொலவென்று சரிந்து தரையில் கொட்டியது.

கட்டைப் பிரிக்குமுன் ஒரு புரூஃப் எடுத்து வைப்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. அந்த அவசரக்குடுக்கை அதைக்கூடச் செய்யவில்லை. கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருக்கும் எழுத்தை வாக்கியமாகப் படிக்கவும் அவளுக்கு இன்னும் வரவில்லை.

பொறுக்கிப் பெட்டியில் போடும்போது ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. எல்லா எழுத்தும் தேய்ந்து மழுங்கியிருக்க, இரண்டு எண்கள் மட்டும் புத்தம்புதிதாக இருந்தன. கடைசியில் உருப்படியாக மிஞ்சியது, ரெட்டை ஜடை போட்ட ஒரு சின்னப் பெண்ணின் படம் பதிந்த பிளாக்தான்.

அந்தச் சின்னப் பெண்ணின் அப்பாதான் இப்போது எதிரே நின்றார். தோள்பையிலிருந்து பட்டையான ஒரு பிரஷ் எட்டிப் பார்த்தது. பெயிண்டர் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை பார்த்துக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"மொத்தமுமா?" என்றவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். "பதினோரு வருஷமா பிரியாம இருந்துச்சும்மா."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. எழுத்துப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டியதில் எது எந்த அறைக்குப் போனதென்று அவளுக்கே தெரியாது. மன்னித்துவிடுங்கள் என்று மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது அவளுக்கே அந்த வார்த்தை பிடிக்கவில்லை.

போன வருஷம் அடித்ததில் ஒன்றாவது வீட்டில் இருக்குமா, அதைப் பார்த்துக் கோர்த்துவிடுகிறேன் என்று கேட்டாள். ஒன்றுகூட மிச்சம் வைப்பதில்லை, நூறும் தீர்ந்த பிறகுதான் வீடு திரும்புவேன் என்றார் அவர். ஆனால் வாசகம் முழுக்க மனப்பாடம், எப்போது கேட்டாலும் சொல்வேன் என்றார்.

பிளாக்கைத் துடைத்து எடுத்து வந்தாள். பதினெட்டு வயசுப் பெண்ணுக்கு ஆறு வயசுப் படமா என்று அவளுக்குத் தோன்றியது. "இப்ப எடுத்த போட்டோ ஒண்ணு குடுங்க சார். புது பிளாக்கே செஞ்சு போட்டுடலாம்."

"இதான்மா இருக்கு" என்றார்.

அப்பாக்களே இப்படித்தான், மகள் தோளுக்கு மேல் வளர்ந்தாலும் கண்ணுக்குக் குழந்தைதான் என்று அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். இந்த மனுஷரை எப்படியாவது சந்தோஷப்படுத்திவிட வேண்டும் என்று இருந்தது. வாசகத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், முதலில் தலைப்பைப் போட்டுக் காட்டி அசத்திவிடுவோம் என்று உட்கார்ந்தாள்.

இருப்பதிலேயே அழகான கொட்டை எழுத்தை எடுத்தாள். சுற்றிலும் பூ பார்டர் கட்டினாள், நடுவில் படத்தை வைத்தாள், அதன் கீழே பதினெட்டு என்று பெரிதாகக் கோர்த்தாள். கல்யாணக்காரர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கனத்த பஞ்சுத் தாளில், மை துல்லியமாக இறங்கும்படி நிதானமாக ஒன்று அடித்து எடுத்தாள். இந்த எட்டு மாதத்தில் அவள் அடித்ததில் அதுதான் நன்றாக வந்தது.

"எப்படி சார் இருக்கு?" என்று நீட்டினாள்.

மை ஒட்டாமல் ஓரத்தைப் பிடித்து வாங்கினார். 'பிறந்தநாள் வாழ்த்து' என்ற தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு படத்தின் விளிம்பில் பதிந்திருந்த பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார். தாளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"தலைப்பை மட்டும் 'காணவில்லை'ன்னு மாத்திடுங்க."