ஏழரை முதல் பத்தரை வரை

சிவரூபி தோட்டத்து டிஸ்பென்சரிக்குள் நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கையிலிருந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மேசையில் அறைந்தாள்.

“ஏழு புள்ளி ஆறு. இதுக்குப் பக்கத்தில சரி போட்டது ஆர்?”

வைத்திய உதவியாளர் பாலசுப்பிரமணியம் எழுந்து நின்றார். போட்டது அவர்தான். பச்சை மையில், வால் நீண்ட அழகான சரி.

ஹீமோகுளோபின் எண்ணை எழுதியது சிவரூபி. போன வாரம் பண்டாரவளை ஆய்வுகூடத்தில் அவளே பார்த்து அனுப்பியது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். இதைக் கண்டதும் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார்கள் என்று நம்பி, அடுத்த குழாயைக் கையில் எடுத்துவிட்டாள்.

இன்று காலை பார்த்தால், அதே ரிப்போர்ட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, கம்சலா என்கிறவள் பண்டாரவளை பஸ் நிலையத்தில் தலைசுற்றி உட்கார்ந்திருந்தாள். கொழுந்து பறிக்கிறவள். வயிற்றில் ஆறு மாதம். உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

முதல் இரண்டும் தங்கவில்லை என்றாள். அப்போதும் ரத்தம் பார்த்தார்களாம். அப்போதும் சரிதானாம்.

சிவரூபிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வேலையாவது மண்ணாவது என்று கம்சலாவின் கையைப் பிடித்து அடுத்த பஸ்ஸில் ஏறினாள். பெரகலச் சந்தியில் இறங்கி, அங்கிருந்து தோட்டத்து லொறியில் மேலே வந்து சேர்ந்தும் கோபம் ஆறவில்லை.

பாலசுப்பிரமணியம் சுவரைக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்ட கார்டு ஒன்று ஆணியில் தொங்கியது. தோட்டத்துப் பெண்கள்: ஏழரை முதல் பத்தரை வரை.

“இதுக்குள்ள இருந்தா நான் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுத முடியாதுங்க மிஸ். வீணா ஆள அனுப்புறேன்னு தொரை கேப்பாரு.”

“போன மாசம் உங்கட துரையின்ர நாய்க்கும் ரத்தம் பார்த்தது. பத்து. நாய்க்கு அது காணாது எண்டு டொனிக் எழுதிக் குடுத்தவை.”

அவர் தலை குனிந்தார். கெட்ட மனிதரில்லை. அதுதான் சிவரூபிக்கு இன்னும் எரிந்தது. கெட்டவனென்றால் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போகலாம். இவர் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று மட்டும் பார்த்து, உள்ளே என்றால் உயிரை மலைக்குத் திருப்பி அனுப்புகிறவர். அளக்கிற நாழி அகவிலை அறியுமா?

“கார்டு பிழைன்னு நீங்க எழுதிக் குடுங்க மிஸ். யாரு போட்டது, என்ன பிழை, எல்லாம் எழுதுங்க. அதக் காட்டி இப்பவே அனுப்பிடுறேன்.”

சிவரூபி தாளை இழுத்தாள். பேனை தாளைக் கிழிக்கிற மாதிரி ஓடியது. இந்தக் கார்டை நம்பி இரண்டு பிள்ளைகள் போய்விட்டன, மூன்றாவதும் போகப் பார்க்கிறது என்று எழுதினாள். இதைத் தயாரித்தவர் என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டாள்.

“ஆர் இந்த மடையன்?”

“தெரியாதுங்க. நான் வர்றதுக்கு முன்னாலேயே தொங்குது.” அவர் கார்டைக் கழற்றிப் பின்பக்கம் படித்தார். “தொண்ணூத்தி நாலு. பத்து வருஷமாச்சு. நூத்திருபது பொம்பளைங்களுக்கு எடுத்து, மேல மூணு கீழ மூணு கழிச்சுட்டு, மிச்சத்தப் போட்டிருக்காங்க. எல்லாரும் ஆரோக்கியமானவங்கன்னு இருக்கு.”

நூற்றிருபது என்ற எண் சிவரூபிக்குள் எங்கோ இடித்தது. கோபம் அதை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டது.

“ஆரோக்கியமானவை எண்டு ஆர் சொன்னது?”

“நாங்கதான் மிஸ்.”

சுவரோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த கம்சலா பேசினாள்.

“நான் அப்பதான் வேலைக்குச் சேந்து மூணு மாசம். வெள்ளன வேலைக்குப் பேரு போடுற பெரட்டுக்கு ஒரு மிஸ் வந்தாங்க. ஒடம்பு நல்லா இருக்கிறவங்க மட்டும் வரிசைல நில்லுங்கன்னாங்க. கங்காணி பக்கத்துலயே நின்னாரு. ஒடம்பு முடியலன்னு சொன்னா அன்னிக்குப் பேரு போட மாட்டாரு, வேலையும் இல்ல. யாரு சொல்லுவா? காய்ச்சக்காரிங்ககூட வந்து நின்னாளுங்க.”

பேனை நின்றுவிட்டது.

கம்சலா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். குரலில் குற்றம் எதுவும் இல்லை.

“பஸ்ஸிலேயே சொல்லணும்னு நெனச்சேன். அப்ப நீங்க கண்ணாடி போட்டிருக்கல. வலிக்காம எடுத்தீங்க மிஸ்.”

மூன்று தோட்டம். மூடுபனிக்குள் வரிசை வரிசையாக முகங்கள், நீட்டிய கைகள். வெள்ளைக்காரன் எண் நமக்கெதற்கு, இந்த மலைப் பெண்களுக்கு இந்த மலையின் எண் வேண்டும் என்று, படிப்பு முடியுமுன்னே பெருமையோடு எழுதி மேலே கொடுத்த அறிக்கை. அதற்குப் பிறகு அது எங்கே போனதென்று அவள் கேட்டதே இல்லை. கணக்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

பாலசுப்பிரமணியம் துண்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கம்சலா வயிற்றில் கை வைத்தபடி அவர் முகத்தையே பார்த்திருந்தாள்.

சிவரூபி, தயாரித்தவர் என்பதற்கு விட்டிருந்த இடத்தில் தன் முழுப் பெயரை எழுதி, தாளை அவர் பக்கம் தள்ளினாள்.