பூர் என்று முடியும் ஊர்

"அந்தக் கவரோட மிச்சம் இருக்கா அண்ணாச்சி?"

அவருக்கு முதலில் புரியவில்லை. எந்தக் கவர்?

போனில் வந்தவள் தூத்துக்குடியிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். பெயர் ஜெசிந்தா. பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகளின் கண்காட்சிக்காக இணையத்தில் தபால்தலை தேடியபோது அவருடைய பக்கம் கண்ணில் பட்டதாம்.

அவர் விற்பவை மலிவான தபால்தலைகள். எல்லாம் கலந்து நூறு சேர்ந்தால் ஒரு பொட்டலம். அதற்கெல்லாம் யாரும் படம் கேட்பதில்லை. ‘பழையது, கலவை, படம் இல்லை’ என்று போட்டுவிடுவார்.

அன்றைக்கு மட்டும் சன்னல் வெயில் மேசையில் நன்றாக விழுந்தது. ஒரு படம் எடுத்துப் போட்டார்.

அதை அவள் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள்.

தபால்தலையோடு சேர்த்து நறுக்கிய கவர் மூலை. தலைக்குக் கீழே, முகவரியில் ஊர்ப் பெயரின் கடைசி எழுத்து மட்டும் கத்தரிக்குத் தப்பியிருந்தது.

‘டி’.

"அந்தச் சுழியப் பாருங்க. தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்சிருக்கு. எங்க லூர்தண்ணன் மட்டுந்தான் அப்படி எழுதுவான்."

லூர்து வீட்டை விட்டுப் போய் முப்பது வருஷம். அப்பாவோடு சண்டை. போனவன் ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

போன மாதம் அப்பா இறந்தார். அவருடைய தகரப் பெட்டியில் இருந்த காகிதங்களை அவள்தான் பழைய பேப்பருக்குப் போட்டாள். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"பின்பக்கம் அனுப்புனவங்க விலாசம் இருந்திருக்கும்லா அண்ணாச்சி?"

இருந்தது. பின்பக்கத்தில் நாலு வரி இருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. என்ன எழுதியிருந்தது என்பது வரவில்லை.

"தேடிப் பாக்கேம்மா" என்று போனை வைத்தார்.

சுடலைமுத்துவின் பழைய பேப்பர் கடை இரண்டு தெரு தள்ளி. தூத்துக்குடிப் பழைய பேப்பரும் அங்கேதான் வந்து சேரும். கவர்களை அவர் வாங்குவது அங்கேதான். மூலையை நறுக்கிக்கொண்டு மிச்சத்தை எடைக்குத் திருப்பிப் போடுவதும் அங்கேதான். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

பேப்பர் குவித்து வைக்கும் கிட்டங்கி காலியாகக் கிடந்தது. பெருக்கித் தண்ணீர்கூடத் தெளித்திருந்தார்கள்.

"செவ்வாக்கிழமையே லாரி ஏத்தியாச்சே அண்ணாச்சி. இந்நேரம் மில்லுல கூழாயிருக்கும்" என்றார் சுடலைமுத்து. "எதும் முக்கியமானதா?"

அவர் விடுவிடுவென்று வீட்டுக்குத் திரும்பினார்.

பொட்டலத்தை மேசையில் கொட்டினார். லென்ஸை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

தபால் முத்திரை பாதி தலை மேல் விழும். பாதி கவரில் விழும். ஊர்ப் பெயரின் தொடக்கம் கவரில் இருக்கும். கவர் கூழாகிவிட்டது.

‘டி’ இருந்த தலையின் அதே முத்திரை விழுந்த தலைகளை ஒதுக்கினார். பதினேழு தேறின.

பதினேழிலும் வருஷம் தெரிந்தது. முதலாவது தொண்ணூற்றாறு. கடைசி, இரண்டாயிரத்துப் பதினொன்று.

பதினேழிலும் ஊர்ப் பெயரின் வால் தெரிந்தது. மூன்று ஆங்கில எழுத்து.

பூர்.

நாக்பூர். கான்பூர். ராய்ப்பூர். ஜபல்பூர். சோலாப்பூர்.

ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். திருப்பூரும் அப்படித்தான் முடிகிறது என்று தோன்றியபோது பேனாவை வைத்துவிட்டார்.

படம் போடாமல் இருந்திருந்தால் அவள் கேட்டிருக்கவே மாட்டாள்.

மறுபடி அவளைக் கூப்பிட்டார். மில்லைப் பற்றிச் சொன்னார். வருஷங்களைச் சொன்னார். மூன்று எழுத்தைச் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள்.

"கவருக்குள்ள லெட்டர் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"ஒரு வரிகூடவா நீங்க படிக்கல?"

அடுத்தவர் கடிதத்தை அவர் படிப்பதில்லை. இந்தத் தொழிலில் அவர் பெருமையாக வைத்திருந்த ஒரே நியாயம் அது. கவரைக் கவிழ்த்து உதறுவார். விழுந்ததை முகத்தைத் திருப்பிக்கொண்டு குவியலில் தள்ளுவார்.

"இல்லம்மா."

இதுவரை எத்தனையோ பேரிடம் சொன்ன பதில்தான். இன்றைக்குச் சொல்லும்போது நாக்கு கூசியது.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கவரு பிரிச்சிருந்துச்சா?" என்றாள்.

பிரித்திருந்தது. பிளேடால், ஓரமாக, நூல் பிடித்த மாதிரி. உள்ளே இருந்த தாள்கள் மடிப்பில் நைந்துபோயிருந்தன. உதறியபோது சில இரண்டு துண்டாக விழுந்தன. அத்தனை தடவை யாரோ பிரித்து மடித்திருந்தார்கள்.

அதையும் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அப்புறம்தான் நினைத்தார்.

"அப்பா" என்று மட்டும் அவள் சொன்னது கேட்டது. அவரிடம் சொன்னதல்ல அது.

அந்தப் பக்கம் ஒரு கட்டில் கிரீச்சிட்டது. வயதான பெண் குரல், தூரத்திலிருந்து.

"ஏ ஜெசி, யாரு பிள்ள போன்ல?"

"யாருமில்லம்மா. ஸ்டாம்பு விக்கிற அண்ணாச்சி."

"ஸ்டாம்பா?" என்றது அந்தக் குரல். "நமக்கு எதுக்குட்டி ஸ்டாம்பு? யாருக்கு எழுதப் போற?"

ஜெசிந்தா போனை வைக்கவில்லை.