திரும்பியவர் இருவர்

"ஒன்பதாம் பகுதிக்கு இந்தத் தடவை ஆள் அனுப்பணுமா சார்?"

எழுத்தர் இசக்கிமுருகன் வரைபடத்தின் மேல் ஸ்கேலை வைத்துக்கொண்டு கேட்டான். காட்டின் பத்தாண்டுத் திட்டத்தைப் புதுப்பிக்கும் வேலை. பழைய கோப்புகள் தரையெங்கும் கிடந்தன.

"வேண்டாம்," என்றார் வனச்சரகர் குமரகுருபரன். "மாஞ்சோலை எஸ்டேட்டுலயே ஆள் காலியாயிட்டு. வழி காட்ட எவன் வருவான்? போன தடவை ஒவ்வொரு மரமா எண்ணியிருக்கு. அதோட பத்து வருச வளர்ச்சியைக் கூட்டிப் போடு."

"அட்டைக்கடிக்குப் பயந்துதான சார்?"

"ஆமாலே. நீ போறியா?"

இசக்கிமுருகன் சிரித்தான். வாசலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

முத்துராணி நின்றிருந்தாள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து இந்த வாரம் மூன்றாவது முறை வருகிறாள். போன திட்டத்தின்போது மரம் எண்ணக் கூலிக்குப் போனவர் அவளுடைய கணவர் சங்கிலிபூதத்தான். அதன் பிறகு வீட்டுக்கு வரவில்லை.

"மறுபடியும் வந்துட்டியாம்மா?"

"வராம என்னய்யா செய்ய? ஆவணியில எம்மவ தேன்மொழிக்குக் கல்யாணம். அப்பா பேருக்கு முன்னால திருவா, தெய்வத்திருவான்னு கேக்கான் அச்சாபீஸ்காரன். நான் என்ன சொல்ல?"

"திருன்னு போடச் சொல்லு. அன்னைக்கு நான் வனவர். நான்தானம்மா அவரைக் கூட்டிட்டுப் போனேன். வேலை முடிஞ்சு என் கண்ணு முன்னால கையெழுத்துப் போட்டாரு. மாஞ்சோலையில பஸ் ஏறினாரு."

"வாய்வார்த்தை செல்லாதுங்காக மாப்பிள வீட்டுல. அவுகள்ல ஒரு அத்தைக்காரி இருக்கா. புருசன் இருக்கானா செத்தானான்னு தெரியாதவ மணவறைப் பக்கம் வரலாமான்னு மூஞ்சிக்கு நேரா கேக்கா. அந்தத் தாளைக் காட்டினா வாயை மூடிருவா."

"ஆபீஸ் தாளை வெளிய கொடுக்க முடியாதும்மா."

"தாளு வேண்டாம்யா. ஒரு நகல் தாங்க. எம்மவ கழுத்துல தாலி ஏறும்போது நான் பக்கத்துல நிக்கணும்லா."

குமரகுருபரன் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"எக்கா, அவரு மேல உங்களுக்குக் கோவமே இல்லையா?" என்றான் இசக்கிமுருகன்.

"கோவமா? பத்து வருசமா காலையில எந்திரிச்சதும் அவுகளை ஏசிட்டுத்தான் பல்லு வெளக்குதேன். எவ பின்னாலயோ போயிட்டாகன்னு ஊரே பேசுது. அவுக மூஞ்சிக்கு எவ வந்திருப்பான்னு நெனச்சா சிரிப்பும் வரும்."

சிரித்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு நா வேலைதான், சாயந்திரம் வந்திருதேன்னு சொல்லிட்டுப் போனாக. மீன்குழம்பு வச்சிருந்தேன். ரெண்டு நா சூடு பண்ணிச் சூடு பண்ணி வச்சேன். மூணாம் நா தெருவுல கொட்டினேன். அன்னைக்கு ஏச ஆரம்பிச்சதுதான்."

"விடுங்கக்கா."

"எங்கயோ ஒரு ஊர்ல நல்லா இருக்கட்டும் தம்பி. ஏசுததுக்கு ஆளு உசுரோட இருக்கணும்லா."

இசக்கிமுருகன் தரையில் குந்தி, கோப்புகளைப் புரட்டத் தொடங்கினான்.

"எதுக்குலே அது இப்போ?" என்றார் குமரகுருபரன்.

"ரெண்டு நிமிசம் சார். புதுத் திட்டம் வந்துட்டா இதையெல்லாம் எரிக்கத்தானே போறோம். அந்த அத்தைக்காரி வாயையாவது மூடட்டும்."

"அங்கன வை."

"இந்தா இருக்கு சார்! ஒன்பதாம் பகுதி."

மஞ்சளேறிய தாள். இசக்கிமுருகன் விரல் வைத்து உரக்க வாசித்தான்.

"நாங்கு மரம் நாற்பத்தொன்று. குங்கிலிய மரம் பதினேழு. சென்றவர் இருவர். திரும்பியவர் இருவர். கேட்டீங்களாக்கா? மலையிறங்கிக் கூடாரத்துக்கு வந்த பிறகுதான் இதுல ஒப்பம் வாங்குவாக. சர்க்கார் தாளு. இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

முத்துராணி உள்ளங்கைகளைச் சேலையில் துடைத்துவிட்டுத் தாளை இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

"எறங்கித்தான் இருக்காக," என்றாள். "பாவி மனுசன். எறங்கித்தான் இருக்காக."

அவள் கண் தாளின் மேலும் கீழும் போயிற்று. தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அவுக வச்சது எங்க தம்பி?"

"முன்பக்கம், கீழ பாருங்க. நீல மையில. சங்கிலிபூதத்தான். முத்து முத்தா எழுதியிருக்காரு. எங்க சார் எழுத்துக்கே போட்டி."

அவன் விரல் காட்டிய இடத்தை முத்துராணி வெகுநேரம் பார்த்தாள். குமரகுருபரன் வரைபடத்தை மடிக்கத் தொடங்கினார். மடிப்பு சரியாக விழவில்லை.

"அவுகளுக்கு எழுதத் தெரியாதே தம்பி," என்றாள். "கைநாட்டுல்லா வைப்பாக."

அவள் குமரகுருபரன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப மலையில இருந்து எறங்கினது யாருய்யா?"